மாசக் கடைசியில வர்ற கோபம்

சிங்கப்பூர்ல ஒரு டாக்ஸிக் கம்பெனியில சேல்ஸ் வேலை பாத்தேன்னு சொன்னா எல்லாரும் முதல்ல கேக்குறது, மேனேஜர் ரொம்ப கத்துவாரான்னுதான். கத்துவாரு, நல்லாவே கத்துவாரு, கண்ணாடிக் கதவ சாத்தி வச்சிருந்தாலும் பின்னாடி ஸ்டோர்ல டோனர் பெட்டி அடுக்கிட்டு இருக்குற பையனுக்கு வார்த்த வார்த்தையா கேக்கும். ஆனா கொஞ்ச மாசம் கூடவே இருந்து பாத்தா ஒரு விஷயம் புரியும், 20ஆம் தேதி வரைக்கும் அந்த மனுஷன் தங்கம். காலையில டீ வாங்கிக் கொடுப்பாரு, ஊர்ல அப்பாவுக்கு சுகர் எப்டி இருக்குன்னு விசாரிப்பாரு. 22, 23 ஆச்சுன்னா முகம் மாறும். 28க்கு மேல அவருகிட்ட பேசவே முடியாது. அடுத்த மாசம் 2ஆம் தேதி மறுபடியும் "என்னப்பா, சாப்டியா"ன்னு வந்து நிப்பாரு, ஒண்ணுமே நடக்காத மாதிரி. பிறவிக் குணமா இருந்தா தேதி பாத்தா வரும்?

கம்பெனி பேரு வேணாம். ஆபீஸுக்கு வாடகைக்கு காப்பியர் மெஷின் வைக்கிற கம்பெனி, ஊபி பக்கம் ஒரு தொழிற்பேட்டை பில்டிங்ல இருந்துச்சு. முதலாளியும் நம்ம ஆளு, சேல்ஸ் மேனேஜரும் நம்ம ஆளு. மேனேஜர அண்ணேன்னுதான் கூப்பிடணும், சார்னு கூப்பிட்டா கோச்சுக்குவாரு. நான் புதுக்கோட்டை பக்கத்துல இருந்து எஸ் பாஸ்ல, அதாவது வெளிநாட்டு ஆளுங்களுக்கு கொடுக்குற ஒரு வேலை அனுமதியில, வந்தவன், வந்த புதுசுல அந்த அண்ணே எனக்கு பெரிய ஆறுதலா இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. நம்ம ஆளுங்க நிறைய இருக்குற தேக்காவுல ரூம் பாத்துக் கொடுத்ததே அவருதான். பின்னாடி எதையாவது எதுத்து கேக்கணும்னா தொண்டைக்குள்ள நிக்கிறதுக்கும் அதுதான் காரணம். ஒரு அன்னிய ஆளுகிட்ட "என் காசு எங்க"ன்னு கேக்குறது சுலபம், ரூம் பாத்துக் கொடுத்த அண்ணன்கிட்ட எப்டி கேப்பீங்க?

நான் சேந்த நேரம் அப்டி. கோவிட் கட்டுப்பாடெல்லாம் தளர்ந்து 2022 ஏப்ரல் 26ல இருந்து எல்லாரும் ஆபீஸுக்கு திரும்பலாம்னு சொன்னாங்க இல்லையா, அதுக்கு அப்புறம். ரெண்டு வருஷமா ஆபீஸ்ல ஆளே இல்லாம காப்பியரெல்லாம் தூங்கிட்டு இருந்துச்சு. இந்தத் தொழில்ல மெஷின் வாடகைய விட ஒரு பக்கத்துக்கு இவ்ளோன்னு மீட்டர் பாத்து வாங்குற காசுலதான் நிறைய லாபம், பிரிண்ட் எடுக்க ஆளு இல்லன்னா மீட்டர் எப்டி ஓடும். அதுக்குள்ள எல்லாரும் பிடிஎஃப்லயே கையெழுத்து போட பழகிட்டாங்க வேற. ஆக விட்டதப் புடிக்கணும்னு வெறியா இருந்தாங்க, அந்த வெறிய தூக்கிட்டு தெருவுல நடந்தது நாங்க.

நடக்குறதுன்னா நிஜமாவே நடக்குறது. காக்கி புக்கிட், சின் மிங், டெஃபு, துவாஸ்னு எல்லா தொழிற்பேட்டை வரைக்கும். பில்டிங் கீழ செக்யூரிட்டி அங்கிள் விடமாட்டாரு, சேல்ஸ் ஆளுங்க உள்ள வரக் கூடாதுன்னு போர்டே இருக்கும். அதனால சரக்கு லிஃப்ட்ல ஏறி உச்சி மாடிக்குப் போய் அங்க இருந்து ஒவ்வொரு யூனிட்டா கதவ தட்டிக்கிட்டே இறங்கணும், ஏன் மேல இருந்துன்னா, யாராவது கம்ப்ளெயின்ட் பண்ணி செக்யூரிட்டி தேடி வர்றதுக்குள்ள கீழ வந்து சேர்ந்திருப்போம். இத எனக்கு சொல்லிக் கொடுத்தது ஒரு மலாய் சகா, பல வருஷம் இதே வேலையில இருந்த ஆளு, ஷூவுக்குள்ள ரெண்டு இன்சோல் போடுன்னு சொன்னதும் அவருதான், இன்னிக்கும் அந்த உபதேசத்துக்கு கடன்பட்டிருக்கேன்.

போன யூனிட்ல எல்லாம் நேம் கார்டு வாங்கிட்டு வரணும், சாயங்காலம் மேசையில பரப்பி வச்சு அண்ணன் எண்ணுவாரு. வாட்ஸ்அப்ல லைவ் லொகேஷன் போட்டே வைக்கணும். புள்ளி ஒரே இடத்துல கொஞ்ச நேரம் நின்னா போன் வந்துரும், "என்ன தம்பி, கோப்பிக்கடையிலயே குடித்தனம் பண்றியா?" மழை பெஞ்சு ஒதுங்கி நின்னாலும் அதே போன்தான். ராத்திரி 11 மணிக்கு குரூப்ல வாய்ஸ் நோட்டு வரும், யாரு இன்னிக்கு ஸீரோன்னு பேரு பேரா சொல்லி. அதுக்கு கீழ எல்லாரும் "நோட்டட் அண்ணே"ன்னு போடணும், திட்டு வாங்குனவனும் சேத்து. போடாம தூங்கிட்டா காலையில மீட்டிங்ல தனியா ஒரு பூஜை இருக்கு.

ஓவர்டைமா? கேக்காதீங்க. வேலைவாய்ப்புச் சட்டத்துல வேலை நேரம், வாரத்துக்கு 44 மணி, ஓவர்டைம் எல்லாம் சொல்ற பகுதி இருக்கு, அது உடலுழைப்பு வேலைக்காரங்களுக்கு மாசம் 4,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைக்கும், மத்தவங்களுக்கு 2,600 வெள்ளி வரைக்கும்தான் பொருந்தும். என் சம்பளம் 2,600க்கு மேல, அதனால ராத்திரி வாய்ஸ் நோட்டெல்லாம் இலவச சேவை. எம்சி, அதாவது டாக்டர் சீட்டு காட்டி லீவு, எடுக்குறது இன்னொரு கத. ஆறு மாசம் வேலை பாத்தவனுக்கு வருஷத்துக்கு 14 நாள் வெளிநோயாளி மருத்துவ விடுப்பு சட்டத்துல இருக்கு. அங்க எம்சி எடுத்தா யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க, வாயத் தொறந்து சொன்னா தப்பாயிடுமே. திரும்பி வந்தா ஒயிட்போர்டுல பேருக்கு பக்கத்துல சின்னதா ஒரு மாத்திரை படம் வரைஞ்சு வச்சிருப்பாங்க. சிரிக்கணும், சிரிக்கலன்னா ஸ்போர்ட்டிவ் இல்ல. டெங்கு வந்து ஆஸ்பத்திரியில கெடந்தவனுக்கும் மாத்திரை வரைஞ்சாங்க, கூட ஒரு கொசுவும்.

இதெல்லாம் நண்பர்கள்கிட்ட சொன்னா அவங்களும் அவங்க கம்பெனி கதைய எடுத்து விடுவாங்க, நல்லா பொழுது போகும். ஆனா என்னைய உண்மையா கட்டிப் போட்டது கத்தலும் இல்ல கொசுவும் இல்ல, மூணு பக்க கமிஷன் பேப்பர். வேலைக்கு சேரும்போது எல்லாரும் அடிப்படைச் சம்பளத்தையும் "கமிஷனுக்கு லிமிட்டே கிடையாது"ங்குற வரியையும்தான் பாக்குறாங்க. மிச்சத்தையும் சொல்றேன், இதுக்காகத்தான் எழுதவே உக்காந்தேன்.

டார்கெட் மாசத்துக்கு 15,000 வெள்ளி லாபம். விற்பனை இல்ல, லாபம், செலவு போக மிஞ்சுறது, அந்த செலவு எவ்வளவுன்னு கணக்கு போடுறதும் அவங்கதான். டார்கெட்ட தொட்டா மொத்த லாபத்துல 8 பர்சென்ட் நமக்கு. தொடலன்னா ஒண்ணும் கிடையாது. இது வரைக்கும் சரி, பல கம்பெனியில இப்டித்தான். அடுத்த வரிதான் விஷயம், இந்த மாசம் எவ்வளவு குறையுதோ அது அடுத்த மாச டார்கெட்ல ஏறும். ஜனவரியில 12,000 கொண்டு வந்தா ஸீரோ, பிப்ரவரி டார்கெட் 18,000 ஆயிரும். பிப்ரவரியில 17,000 கொண்டு வர்றீங்க, சாதாரணமா அது டார்கெட்டுக்கு மேல, ஆனா இங்க ஸீரோ, மார்ச்சுக்கு 16,000. மார்ச்ல சரியா 16,000 கொண்டு வந்து நிக்கிறீங்க, 1,280 வெள்ளி கிடைக்கும். மூணு மாசத்துல நீங்க கொண்டு வந்தது 45,000, அதாவது மாசத்துக்கு 15,000, டார்கெட் என்னவோ அது அப்படியே. 8 பர்சென்ட்னா 3,600 வரணும், கைக்கு 1,280. இதுல சீனப் புத்தாண்டு எந்த மாசத்துல வருதோ அந்த மாசம் பாதி சின்ன கம்பெனிங்க ஷட்டர இறக்கிட்டு போயிருப்பாங்க, யாருகிட்ட போய் விக்கிறது, ஆனா டார்கெட்டுக்கு புத்தாண்டு கிடையாது.

சரி அந்த 1,280வாவது உடனே வருமா? கஸ்டமர் மூணாவது மாச வாடகைய கட்டுன பிறகுதான் வரும். கஸ்டமர் 12 மாசத்துக்குள்ள கான்ட்ராக்ட்ட முறிச்சா கொடுத்தத திருப்பி புடிப்பாங்க. கடைசி வரி, பணம் கொடுக்குற தேதியில வேலையில இருக்கணும், ராஜினாமா கொடுத்திருக்கக் கூட கூடாது. இப்ப யோசிச்சு பாருங்க, எந்த மாசம் கணக்கு பாத்தாலும் மூணு நாலு மாச உழைப்பு அவங்க கையில இருக்கும். ஏலச்சீட்டு கட்டுற மாதிரிதான், பாதியில எந்திரிச்சு போனா போட்டதும் போச்சு. அடுத்த மாசம் அந்த காசு வந்ததும் ராஜினாமா போட்டுரலாம்னு நெனப்போம், அது வர்றதுக்குள்ள அதுக்கு அடுத்தது சேந்திருக்கும். எங்க டீம்ல அத்தன பேரும் அடுத்த மாசம் போறவங்கதான், வருஷக் கணக்கா.

அண்ணனுக்கும் இதே மாதிரி ஒரு பேப்பர் இருந்துச்சு, அது ரொம்ப நாள் எங்களுக்கு தெரியாது. டீம் மொத்தமா டார்கெட்ட தொட்டாத்தான் அவருக்கு, எங்க குறை எல்லாம் கூடி அவரு தலையில ஏறும். 28ஆம் தேதி அவரு ஏன் அப்டி ஆகுறாருன்னு அப்பதான் விளங்குச்சு. பாவமா இருந்துச்சான்னு கேட்டா, கொஞ்சம். மன்னிக்கிற அளவுக்கு இல்ல, ஏன்னா தன் காசுக்காக அடுத்தவன் அம்மாவ இழுத்து பேசுறது அந்த பேப்பர்ல இல்ல, அது அவரோட சொந்த சரக்கு.

இந்த பேப்பர் எங்களோட நிக்காது, கஸ்டமர் வரைக்கும் போகும். 2022 டிசம்பர்ல எங்களுக்கு வந்த உத்தரவு, "ஜிஎஸ்டி ஏறப் போகுது, இப்பவே கையெழுத்து போட்டா பழைய ரேட்டுன்னு சொல்லி முடிங்க." 2023 ஜனவரி 1ல 7ல இருந்து 8 பர்சென்ட் ஆச்சு, 2024 ஜனவரி 1ல 9. ஆனா மாசா மாசம் பில் போடுற வாடகைக்கு அந்தந்த மாசத்து பில்லுக்கு அப்ப என்ன ரேட்டோ அதுதான், டிசம்பர்ல கையெழுத்து போட்டா அஞ்சு வருஷத்துக்கு 7 பர்சென்ட்டா நிக்கும்? மெஷின மொத்தமா காசு கொடுத்து வாங்குறவங்களுக்கு அந்த அவசரத்துல அர்த்தம் இருந்திருக்கும். எங்க கஸ்டமருங்க முக்கால்வாசி 60 மாச வாடகை. ஜிஎஸ்டிக்கு பதிவு செய்யாத சின்னக் கடைக்காரங்க அந்த வரிய திரும்ப கோரவும் முடியாது, அவங்களுக்கு அது நேரா கைக்காசு, அதனாலயே அவங்கதான் இந்த வார்த்தைக்கு அதிகமா பயந்தாங்க.

இன்னொண்ணு, 60 மாசம் முடியிறதுக்கு மூணு மாசம் முன்னாடி எழுத்துல சொல்லலன்னா தானா இன்னொரு 12 மாசம் ஓடும்னு பின்பக்கத்துல பொடி எழுத்துல ஒரு ஷரத்து. அத கஸ்டமர்கிட்ட எடுத்துச் சொன்னா டீல் ஆறிப்போயிரும்னு அண்ணனுக்கு கவலை. நான் அந்த பக்கத்த திருப்பி காட்டுவேன், நல்லவன்னு பேரு வாங்க இல்ல, தேக்காவுல நாளைக்கும் அதே ஆளு முகத்துல முழிக்கணும். ஒரு மினிமார்ட் வச்சிருக்குற பெரியவர், காரைக்கால்காரர், அந்த ஷரத்த படிச்சிட்டு கண்ணாடிய கழட்டி வச்சாரு. "தம்பி, எனக்கு வயசு எழுவது, அறுபது மாசம் இருக்கோம்னு யாரு சொன்னா, ஜெராக்ஸ் மெஷினுக்கு மட்டும் அதுக்கு மேலயும் ஆயுசு கேக்குறியே"ன்னாரு. கையெழுத்து போடல, டீ வாங்கிக் கொடுத்தாரு. கொஞ்ச நாள் கழிச்சு எங்க டீம்லயே இன்னொருத்தன் அதே கடைக்கு போய் முடிச்சிட்டு வந்துட்டான். அவன் மேல எனக்கு கோபம் வந்துச்சு, அப்புறம் அவனோட பாக்கி டார்கெட் எவ்வளவுன்னு ஒயிட்போர்டுல பாத்தேன், 30,000க்கு பக்கத்துல. வீட்ல கைக்குழந்தை. நியாயமற்ற விற்பனைக்கு எதிரா நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சிங்கப்பூர்ல இருக்கு, ஆனா அது வீட்டு உபயோகத்துக்கு வாங்குற ஆளுக்கு, கடைக்காக வாங்குற மினிமார்ட் தாத்தாவுக்கு அது குடை புடிக்காது. இது அண்ணனுக்கு நல்லா தெரியும், டிரெயினிங்லயே சொல்லுவாரு, ஏதோ வசதி மாதிரி.

பாஸ் விஷயத்துக்கு வர்றேன். உள்ளூர் பசங்களுக்கு வேலை புடிக்கலன்னா வேற வேலை, அவ்ளோதான். எங்கள மாதிரி ஆளுங்களுக்கு "உன் பாஸ ரத்து பண்ணிருவேன்"ங்குற ஒரு வார்த்த போதும், ஊர்ல கட்டிட்டு இருக்குற வீட்டோட மேல்தளம் கண்ணு முன்னாடி வந்து நிக்கும். அந்த மிரட்டல் வெறும் மிரட்டலும் இல்ல, நோட்டீஸ் கொடுத்து நீக்கிட்டு பாஸ ரத்து பண்ண முதலாளியால முடியும், அதுக்கப்புறம் பொதுவா 30 நாள் இங்க தங்கலாம். ஆனா இன்னும் சில விஷயங்கள யாரும் எங்களுக்கு சொல்றதில்ல. எஸ் பாஸ்ல இருக்குறவன் வேற கம்பெனிக்கு மாற பழைய முதலாளி சம்மதம் தேவையில்ல, புது கம்பெனி விண்ணப்பம் போட்டா போதும். மனிதவள அமைச்சுகிட்ட அறிவிச்ச நிலையான மாசச் சம்பளத்த "நீ டார்கெட் தொடல"ன்னு அவங்க இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. வெளிநாட்டு ஆளுக்காக முதலாளி அரசாங்கத்துக்கு கட்டுற லெவிய நம்மகிட்ட இருந்து புடிக்கக் கூடாது. பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்கக் கூடாது. இதுல ஒண்ணு கூட ரகசியம் இல்ல, மனிதவள அமைச்சோட இணையப்பக்கத்துல கெடக்கு, ஆனா ரூம்ல எட்டு பேரு படுத்திருந்தோம், எட்டு பேருக்கும் அண்ணன் சொன்னதுதான் சட்டம்.

எனக்கு கண்ணத் தொறந்தது அட்மின்ல இருந்த சீன ஆன்ட்டி. கமிஷன் கணக்கு அவங்க கையிலதான் போகும். ஒருநாள் மத்தியானம் யாரும் இல்லாத நேரத்துல எந்த முன்னுரையும் இல்லாம, "உன் கமிஷன் ஸ்டேட்மென்ட் எல்லாம் உன் போன்ல இருக்கா?"ன்னு கேட்டாங்க. இல்லன்னேன். "உனக்கு முன்னாடி போனவங்க யாருக்கும் இல்ல"ன்னு சொல்லிட்டு சாப்பாட்டு டப்பாவ மூடிட்டு போயிட்டாங்க. அன்னிக்கு ராத்திரியே எனக்கு வந்த ஸ்டேட்மென்ட், ஆஃபர் லெட்டர், வேலைக்கு சேரும்போது கொடுத்த முக்கிய வேலை நிபந்தனைகள் தாள், டார்கெட் பத்தி அண்ணன் அனுப்புன மெசேஜ் எல்லாத்தையும் தேதி வாரியா எடுத்து வச்சேன். கஸ்டமர் விவரம் எதையும் தொடல, அதத் தொட்டா பேச்சு வேற பக்கம் திரும்பிரும்.

புது வேலை கிடைச்சு பாஸ் ஓகே ஆன பிறகுதான் கடிதம் கொடுத்தேன். அண்ணன் கத்தல. அதுதான் ஆச்சரியம், மாசம் 5ஆம் தேதிங்குறதால இருக்கலாம். "பெண்டிங் கமிஷன் தெரியும்ல தம்பி"ன்னு மட்டும் கேட்டாரு. தெரியும்ணேன்னு சொன்னேன். கடைசி மாச சம்பளம் உடனே வரல, அதுல அவங்க தப்பு இல்ல, வெளிநாட்டுக்காரன் வேலைய விட்டா முதலாளி ஐஆர்21 படிவம் போட்டு வருமான வரி சரிபாக்குற வரைக்கும் கொடுக்க வேண்டிய காச நிறுத்தி வைக்கணும்னு விதி. இது தெரியாம சம்பளத்த அமுக்கிட்டாங்கன்னு தேக்காவுல பல பேரு புலம்புறத கேட்டிருக்கேன். என்னோடது வந்துருச்சு. வராதது கமிஷன்.

தகராறு நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணி, எல்லாரும் டாடெம்னு சொல்லுவாங்க, 2017ல இருந்து இருக்கு. அங்க விண்ணப்பிச்சேன். வேலைய விட்டு வந்தவன் கடைசி வேலை நாள்ல இருந்து 6 மாசத்துக்குள்ள போடணும், அதத் தாண்டுனா கதவு சாத்திரும். முதல்ல சமரசப் பேச்சு, அதுல முடியலன்னாத்தான் வேலைவாய்ப்புக் கோரிக்கைத் தீர்ப்பாயம், அங்க ரெண்டு பக்கமும் வக்கீல் வைக்க முடியாது, 20,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், தொழிற்சங்கம் மூலமா முத்தரப்பு சமரசத்துக்கு போயிருந்தா 30,000. முன்னாடி மேனேஜர், எக்ஸிக்யூட்டிவ்னா ஒரு சம்பள வரம்புக்கு மேல வேலைவாய்ப்புச் சட்டமே பொருந்தாதுன்னு இருந்துச்சு, 2019 ஏப்ரல் 1ல அத தூக்கிட்டாங்க. கம்பெனி பக்கம் அந்த கடைசி வரிய காட்டுனாங்க, கொடுக்குற தேதியில வேலையில இல்லன்னு. நான் ஸ்டேட்மென்ட்ட காட்டுனேன், இந்தந்த கஸ்டமர் மூணாவது மாசம் கட்டுனது நான் கடிதம் கொடுக்குறதுக்கு முன்னாடி, அப்பவே கொடுத்திருக்கணும், நீங்க தள்ளிப் போட்டதுக்கு நான் எப்டி பொறுப்புன்னு. அந்த அம்மா, சமரசம் பேசுனவங்க, ரெண்டு தடவ தேதிய சரி பாத்தாங்க. பாதிக்கு கொஞ்சம் மேல கொடுக்குறோம்னு வந்தாங்க, வாங்கிக்கிட்டேன். அந்த வரி செல்லுமா செல்லாதான்னு யாரும் தீர்ப்பு சொல்லல, அது சமரசம், அவ்ளோதான்.

கத்துனதுக்கு, அம்மாவ இழுத்ததுக்கு, மாத்திரை படத்துக்கு என்ன கிடைச்சுதுன்னு கேட்டா, ஒண்ணும் இல்ல. தொல்லையில இருந்து பாதுகாக்குற சட்டம் 2014ல வந்தது, வேலையிடத்துக்கும் பொருந்தும், ஆனா அதுக்கு நான் தனியா கோர்ட்டு ஏறணும், எனக்கு அந்த தெம்பு இல்ல. 2025 ஜனவரியில வேலையிட நியாயச் சட்டம் நிறைவேறுச்சு, வயசு, இனம், பாலினம், குடியுரிமை மாதிரி விஷயத்துல பாரபட்சம் காட்டுறத பத்தினது, முதல் கட்டத்துல 25 பேருக்கு கீழ வேலை பாக்குற கம்பெனிக்கு கிடையாது. எல்லாரையும் சமமா திட்டுற அண்ணன அதுல எந்த பிரிவுல புடிக்கிறது? வேடிக்கைக்கு சொல்லல, எங்க ஆபீஸ்ல சீனன், மலாய்க்காரன், தமிழன் பேதம் இல்லாம வாங்குனோம்.

இப்பவும் சேல்ஸ்லதான் இருக்கேன். வேற சரக்கு. டார்கெட் இருக்கு, மேனேஜர் சலிச்சுக்குவாரு, மாசக் கடைசியில இங்கயும் டென்ஷன்தான். குறை அடுத்த மாசத்துக்கு ஏறாது, கமிஷன் அடுத்த மாச சம்பளத்தோட வந்துரும், விட்டுட்டு போனவனுக்கும் கணக்கு முடிச்சுக் கொடுத்தத என் கண்ணால பாத்தேன். இந்த வித்தியாசத்தாலயே ஆபீஸ்ல ஒருத்தன் கஸ்டமர இன்னொருத்தன் தட்டிப் பறிக்கிறது பெருசா இல்ல.

போன மாசம் ஊர்ப் பக்கம் ஒரு பையன் ஆஃபர் லெட்டர் அனுப்பியிருந்தான், பாத்து சொல்லுங்கண்ணேன்னு. அதே கம்பெனி. மூணு பக்க பேப்பர் எழுத்து மாறாம அப்படியே இருக்கு, லெட்டர்ஹெட்ல லோகோ மட்டும் புதுசு. கடைசி வரியையும் குறை ஏறுற வரியையும் மஞ்சள்ல அடிச்சு, மேல சொன்ன 45,000 கணக்க பக்கத்துல எழுதி திருப்பி அனுப்பினேன். "புரியுதுண்ணே, ஆனா இவங்கதான் பாஸ் போட்டுத் தர்றேன்னு சொல்றாங்க"ன்னு பதில் வந்துச்சு. ஸ்டேட்மென்ட் வர வர போன்ல எடுத்து வச்சுக்கோன்னு போட்டேன், நீல டிக் வந்துருச்சு, பதில் இன்னும் வரல.